முந்தல் அக்காவை விமானம் ஏற்றிய கதை

கொழும்பில் ஓர் அமைச்சில் நான் முகாமைத்துவ உதவியாளர். என் மேசைக்குரிய விடயம் வெளிநாட்டுப் பயணம். அரசாங்க அலுவலாக யாராவது கடல் கடந்து போவதென்றால் அழைப்புக் கடிதம், மேலிடத்து அனுமதி, விடுமுறைப் படிவம், உத்தியோகபூர்வக் கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு எல்லாம் என் கோவைக்குள் நுழைந்துதான் வெளியே போகும். வாரநாட்களில் கொழும்பில் ஒரு போர்டிங் அறையில் தங்குவேன். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறினால் புத்தளம், தில்லையடி, வீடு.

பதினொரு வருடமாக இந்த வேலை. எத்தனையோ பேரை எங்கெங்கோ அனுப்பியிருக்கிறேன். நான் ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. அதைச் சொன்னால் கேட்கிற ஆட்கள் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி ஒரு கவலையும் கிடையாது. ஒரு கோவை குறையில்லாமல் முடிந்து, போனவர் அங்கே இறங்கிவிட்டார் என்று செய்தி வந்தால், அன்றைக்குக் கந்தோர்த் தேத்தண்ணி கூட ருசிக்கும்.

கடதாசியில் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு நாங்களும் வந்தோம். அப்போது எனக்கு எட்டு வயது. தில்லையடியில் வந்து குந்தியபோது எங்கள் வீட்டில் ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நாங்கள் பிறந்தோம் என்பதற்கே அத்தாட்சி இல்லை. வாப்பா எத்தனையோ வாசல்கள் ஏறி இறங்கி, ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் எடுத்தார். என்னுடையது கைக்கு வந்த நாளில் பேக்கரியிலிருந்து ஒரு முழுக் கேக் வாங்கி வந்தார். மற்ற வீடுகளில் பிள்ளை பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் சான்றிதழ் பிறந்த நாளுக்கு வெட்டினோம்.

இனி அந்தப் பயணத்துக்கு வருகிறேன். கொஞ்சக் காலத்துக்கு முன் ஒரு நாட்டிலிருந்து எங்கள் அமைச்சுக்கு அழைப்பு வந்தது. தங்கள் விமான நிலையத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளியார் கண்ணால் ஒருமுறை பார்க்க விரும்புகிறார்கள். இலங்கையிலிருந்து மூன்று பேர் பத்து நாட்களுக்கு வந்து பார்த்து, அறிக்கை தரவேண்டும். கடிதம் நாலு பக்கம். எங்கள் கந்தோரில் முதலாம் பக்கத்தை எல்லோரும் வாசிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் பார்ப்பார்கள். நடுவில் கிடப்பதை வாசிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வருகிற மூவரில் ஒருவர், பெண் பயணிகளைக் கையால் சோதிக்கும் வேலையில் நேரடி அனுபவம் உள்ள பெண்ணாக இருக்கவேண்டும்.

அதற்குள் மூன்று பெயர்கள் முடிவாகியிருந்தன. மூவரும் ஆண்கள், மூவரும் மேசை அதிகாரிகள். அவர்களில் ஒருவர் அங்கே குளிர் என்று கேள்விப்பட்டு ஒரு தடித்த ஜாக்கெட்டும் வாங்கிவிட்டார். நான் அந்த வரியைக் குறிப்பிட்டுக் கோவையில் எழுதி மேலே அனுப்பினேன். பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“இந்த வரி எங்கே இருக்கிறது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“மூன்றாம் பக்கம், சேர்.”

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நீங்கள் இதை வாசிக்காமலே விட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பிறகு கோவையை மேலதிகச் செயலாளர் மெடத்திடம் தானே கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அதில் மெடத்தின் கையெழுத்தில் ஒரு வசனம் இருந்தது. வாசலைப் பார்க்கப் போகிறவர்களோடு வாசலில் நிற்கிற ஒருத்தியும் போகட்டும்.

ஜாக்கெட் வாங்கியவருடைய பெயர்தான் வெட்டுப்பட்டது. விமான நிலையத்திலிருந்து புதிய பெயர் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் பெண்கள் சோதனைப் பிரிவில் நின்று, இப்போது அங்கே மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர். ஊர் முந்தல். அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் என் பஸ் முந்தலால்தான் போகிறது.

அடுத்த வெள்ளி மூன்று மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் விண்ணப்பிக்கிற நாளை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திங்கள் மதியத்துக்குள் மூவரின் ஆவணங்களும் மூலப்பிரதியாக என் கையில் இருக்கவேண்டும். மற்ற இருவருடையதும் தயார். முந்தல்காரர் லீவில் நின்றார். போன் எடுத்தேன். அந்தப் பக்கம் காற்றும் தண்ணீர்ச் சத்தமுமாக இருந்தது.

“மிஸ், நான் இறால் பண்ணையில நிக்கிறன். நாளைக்கு இறால் பிடிக்கிற நாள். சொல்லுங்க.”

விசயத்தைச் சொன்னேன்.

“மிஸ், வேற ஆளப் போடுங்க. நான் போகேல்ல.”

“ஏன் அக்கா? விமானத்துக்குப் பயமா?”

“அனே, விமானத்துக்கு என்ன பயம்? ஒரு உலகத்தையே ஏத்தி அனுப்பியிருக்கன். என்ட கடதாசி சரியில்ல மிஸ். பேர் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. முந்தி ஒருக்கா பாஸ்போட் எடுக்கப் போய்த் திருப்பி அனுப்பிட்டாங்க. இனி அந்த வெக்கம் எனக்கு வேணாம்.”

போன் கட்டாகிவிட்டது. நான் கோவையை மூடி, பையில் வெற்றுத் தாள்கள் கொஞ்சமும் இரண்டு பேனாவும் எடுத்து வைத்தேன். பெயர் பொருந்தவில்லை என்று ஒருவர் பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்கமுடியாது. அது நான் வளர்ந்த வீட்டுப் பிரச்சினை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முந்தலில் இறங்கினேன். தென்னந்தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை. அதன் முடிவில் இறால் வளர்க்கும் குளங்கள் நாலு. காற்றூட்டும் சக்கரங்கள் நின்றிருந்தன. ஒரு குளத்தில் தண்ணீரை வடித்து வலை போட்டிருந்தார்கள். கரையில் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் குனிந்திருந்து, துள்ளுகிற இறால்களைச் சிறிசு பெரிசாகப் பிரித்து ஐஸ் பெட்டிகளுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கட்டையான, உறுதியான ஆள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“அமைச்சு மிஸ்தானே? போன வச்சதும் நினைச்சன், இந்தப் பிள்ள விடாது எண்டு.”

அன்றிலிருந்து எனக்கு அவர் முந்தல் அக்கா.

அவருடைய கணவர் அதிகம் கதைக்காதவர். எனக்கு ஒரு கதிரையைக் கொண்டுவந்து தென்னை நிழலில் வைத்தார். ஒரு பிளேன்டீயும் வந்தது. வேலை முடியும் வரை நான் காத்திருந்தேன். பெட்டிகள் லொறியில் ஏறியதும் அக்கா கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார்.

“இந்தக் கடதாசி ஒரு பக்கம் மிஸ். அங்க போய் நான் என்ன செய்ய? எனக்கு இங்கிலீசு நாலு சொல்லுத்தான் வரும். அவங்க மிசினப் பத்திக் கேப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது இந்தக் கை மட்டும்தான்.”

“அந்தக் கை எப்படி வேல செய்யுதெண்டு எனக்கும் பாக்க ஆசை” என்றேன்.

அவர் சிரித்தார். “நில்லுங்க அப்ப.”

முதலில் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். கண்ணைப் பார்த்து, “இப்ப தொடுறன், சரியா?” என்று கேட்டார். நான் தலையசைத்த பிறகுதான் கை வந்தது. புறங்கை, ஒரு இறகு போல அபாயாவின் மேலால் போய் முடிந்துவிட்டது. பத்து விநாடியும் இருக்காது.

“இடப்பக்கம் ரெண்டு சாவி. ஒண்டு அலுமாரிச் சாவி, சின்னது. வலப்பக்கம் தஸ்பீஹ் மணி. அதோட டொபி ரெண்டு. ஒண்டு உருகிட்டுது மிஸ், எடுத்து எறியுங்க.”

கையை விட்டுப் பார்த்தேன். உருகித்தான் இருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கதைக்காத கணவரும் சிரித்தார்.

“அக்கா, அவங்க கேட்டிருக்கிறது இந்தக் கையைத்தான். கடிதத்தில எழுதியிருக்கு. எழுத்தில இருக்கு.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய எக்ஸ்ரே கவர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அதுதான் அந்த வீட்டின் ஆவணப் பெட்டகம்.

சிக்கல் இதுதான். அக்கா பிறந்தபோது பதிவு தமிழில் எழுதப்பட்டது. வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் அந்தக் கரையில் பல வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பங்களைப்போல அவரையும் சிங்களப் பாடசாலையில் சேர்த்தார்கள். அங்கே ஆசிரியை பெயரின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டார். அடையாள அட்டையும் நியமனக் கடிதமும் அந்தக் குறைந்த பெயரிலேயே வந்தன. ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக இவ்வளவு வருடம் கடவுச்சீட்டு இல்லாமல் இருந்திருக்கிறார், ஒவ்வொரு நாளும் மற்றவர்களின் கடவுச்சீட்டைப் பார்த்துக்கொண்டு.

“இதுக்கு ஒரு சத்தியக்கடதாசி போதும் அக்கா. இரண்டு பெயரும் ஒரே ஆள் எண்டு எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன்னால கையெழுத்து வைக்கணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“முந்தி அந்தக் கவுண்டர்ல இருந்தவன் இதச் சொல்லேல்லயே!”

அங்கேயே உட்கார்ந்து வாசகத்தை எழுதினேன். சத்தியக்கடதாசி வாசகம் எனக்கு மனப்பாடம். வாப்பா எழுதுவித்தவற்றைப் பார்த்தே நான் எழுத்துக் கூட்டிப் பழகினேன் என்றும் சொல்லலாம். எழுதி முடித்தபோது தெரியவந்தது, முந்தலில் அவர்களுக்குத் தெரிந்த சமாதான நீதவான் மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறார் என்று. நான் தில்லையடிக்குப் போன் எடுத்தேன். என் மாப்பிள்ளை, அதாவது என் கணவர், பாடசாலை ஆசிரியர். இந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை.

“மதுரங்குளியில இரும்புக் கடை ஹாஜியார் இருக்கார். அவர் சமாதான நீதவான். கேட்டுச் சொல்றன்” என்றார். ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தார். “ஹாஜியார் கலியாண வீட்டில நிக்கிறாராம். அங்கயே வரட்டாம். முத்திரை சட்டைப் பையிலதான் இருக்காம்.”

அக்கா உள்ளே ஓடி, நீல நிறச் சாரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். “கலியாண வீட்டுக்குச் சப்பாத்தோட போகேலாதே” என்றார். கணவர் த்ரீவீலை எடுத்தார்.

மதுரங்குளிக் கலியாண மண்டபத்தில் ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று. ஹாஜியாருக்குச் சொல்லியனுப்பிவிட்டு வாசலில் நின்றோம். எங்களை முன்பின் தெரியாத ஒரு பெண், மணப்பெண்ணின் உம்மாவாம், ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“ஏன் வெளிய நிக்கிறீங்க? வாங்க, வாங்க. ஒரு சஹன்ல ரெண்டு பேர் குறையுது.”

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு. நான் விளக்க முயன்றேன். “நாங்க கலியாணத்துக்கு வரல்ல, ஒரு கையெழுத்துக்கு வந்தோம்.”

“கையெழுத்த சாப்பிட்டுட்டு வைங்க.”

அக்கா பின்னால் தயங்கினார். “நான் வேதக்காரி, அம்மா.”

“சோத்துக்கு என்ன வேதம் புள்ள? உக்காருங்க!”

உட்கார்ந்தோம். புரியாணி, கோழி, கத்தரிக்காய்ப் பிரட்டல், அச்சாறு. ஏற்கெனவே இருந்த நாலு பெண்களும் இறைச்சித் துண்டுகளை அக்காவின் பக்கம் தள்ளத் தொடங்கினார்கள். அவர் திரும்பத் தள்ளினார். அவர்கள் மறுபடி தள்ளினார்கள். யார் நீங்கள் என்று கேட்டார்கள். விமான நிலையத்தில் பெண்களைச் சோதிக்கிறவர் என்று நான் சொன்னதும் அவர்களில் ஒருத்தி உரத்துக் கூவினாள்.

“நீங்கதானா? மக்காவுக்கு உம்றா போகக்குள்ள என்ட மாமிட இடுப்புப் பட்டியில என்ன இருக்கெண்டு கேட்டது?”

“என்ன இருந்தது?” என்று அக்கா கேட்டார்.

“மாசிச் சம்பல்!”

அந்தச் சஹன் முழுக்கச் சிரித்தது. அடுத்த சஹன்காரர்களும் என்னவென்று கேட்டுச் சிரித்தார்கள். மணப்பெண்ணே எட்டிப் பார்த்தாள். அக்கா கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, “நான் இல்ல, வேற ஆளாயிருக்கும். நானெண்டா கேக்காமலே சம்பல் எண்டு சொல்லியிருப்பன்” என்றார்.

வட்டிலப்பம் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது ஹாஜியார் வந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கஞ்சி போட்ட சாரம் மொடமொடத்தது. கையைக் கழுவிவிட்டு, மண்டப வாசலில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த நிமிடமே அவர் கலியாண வீட்டு ஆள் இல்லை, நீதவான். நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தார். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதில எழுதியிருக்கிறது எல்லாம் உண்மையா, தங்கச்சி?”

“உண்மை, ஹாஜியார்.”

“உங்கட வேதத்து மேல ஆணையாச் சொல்றீங்களா?”

அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “சொல்றன். ரெண்டு பேரும் நான்தான்.”

ஹாஜியார் கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார். எழும்பும்போது, “போற இடத்தில நம்மட நாட்டுப் பேரைக் காப்பாத்துங்க” என்றார். அக்கா அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் மூலையில் நெய்யில் ஒரு பெருவிரல் அடையாளம் விழுந்திருந்ததை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

படம் எடுப்பது மட்டும் மிச்சம். சந்திக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. கடவுச்சீட்டுப் படத்தில் சிரிக்கக்கூடாது, வாய் மூடியிருக்கவேண்டும். படமெடுப்பவர் அதைச் சொல்லச்சொல்ல அக்காவுக்குச் சிரிப்புப் பொங்கியது. வாயை இறுக்கினார், கன்னம் நடுங்கியது. “மாசிச் சம்பல்” என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு மறுபடி வெடித்தார். நான் வெளியே அனுப்பப்பட்டேன், என்னைக் கண்டால்தான் கூடச் சிரிப்பு வருகிறதாம். ஏழாவது தரம் சரிவந்தது. அந்தப் படத்தில் வாய் சட்டப்படி மூடியிருக்கிறது. கண் இரண்டும் சட்டத்தை மீறியிருக்கின்றன.

ஞாயிறு பின்னேரம் நான் ஏறிய பஸ்ஸில் அவரும் முந்தலில் ஏறினார், எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. திங்கள் காலை ஆவணங்களைப் பிரிவுத் தலைவரின் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். சத்தியக்கடதாசியில் நின்றார். மூலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்ன?”

“நெய், சேர். கலியாண வீட்டு நெய்.”

மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். “புரியாணியா?”

“ஓம், சேர்.”

“எனக்கு ஏன் கொண்டுவரவில்லை?” என்று கேட்டுக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தன. கடவுச்சீட்டு வந்தது. அக்கா அதைத் திறந்து பெயரை விரலால் தடவிப் பார்த்தார். கடைசி எழுத்து இருந்தது. விசா வந்தது. சீட்டு வந்தது.

நான் யாரையும் வழியனுப்ப விமான நிலையம் போவதில்லை. அந்த முறை அமைச்சுக் கடிதம் ஒன்றின் மூலப்பிரதியைக் கையில் கொடுக்கவேண்டியிருந்ததால், உள்ளே போக அனுமதி எடுத்துக்கொண்டு போனேன். பின்னேர விமானம். மற்ற இரு அதிகாரிகளும் கோட்டும் டையுமாக நின்றார்கள். அக்கா முழங்கால் வரை தொங்கும் தடித்த ஜாக்கெட் ஒன்றுக்குள் நின்றார். பெயர் வெட்டுப்பட்டவர் தன் ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். “குளிர் என்னைத் தேடப் போறதில்ல, அவவுக்குக் குடுங்க” என்றாராம்.

சோதனை வாசலில் நின்றவர்கள் எல்லாம் அக்கா பழக்கிய பிள்ளைகள். அவரைப் பயணியாகக் கண்டதும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, “நீங்க போங்க மிஸ்” என்று வழிவிட்டாள்.

அக்கா நின்றுவிட்டார். “போகச் சொல்ல நீ யார்? சோதி.”

“மிஸ்...”

“சோதி பிள்ள. ஒழுங்காச் சோதி. முன்னால வந்து நில்லு. கேட்டியா? முதல்ல கேளு.”

அந்தப் பிள்ளை முன்னால் வந்து நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இப்ப தொடுறன், சரியா மிஸ்?” என்று கேட்டாள். அக்கா கைகளை விரித்தார். பிள்ளையின் கை ஜாக்கெட்டின் உள்பையில் நின்றது.

“உருண்டையா, சின்னதா... தைலக் குப்பி மிஸ். அதோட ஒரு கடதாசித் துண்டு.”

எடுத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. குளிரில் நெஞ்சுக்குப் பூசவும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது, ஜாக்கெட்காரரின் கையெழுத்தில். அக்கா அந்தத் துண்டை மடித்து மறுபடி பைக்குள் வைத்தார். பிறகு அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, “பாஸ்” என்றார். வரிசையில் நின்ற பயணிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பலர் சிரித்தார்கள்.

பத்து நாட்களும் எனக்குக் குரற்செய்தி வந்தது. குளிர், சோறு இல்லை, பாண் கல் மாதிரி, கட்டில் நல்லது. நாலாம் நாள் செய்தியில் குரல் மங்கிக் கிடந்தது. “மிஸ், மிசின் காட்டுறாங்க, மிசின் காட்டுறாங்க. நான் தலையாட்டிக்கொண்டு திரியிறன்.” ஐந்தாம் நாள் செய்தி நீளம். அன்றைக்கு அவர் கைச்சைகையாலும் மொழிபெயர்ப்பாளர் உதவியாலும் ஒன்று கேட்டிருக்கிறார். என்னைப் பயணியாக வரிசையில் விடுங்கள்.

விட்டார்கள். சாரியோடு ஒருதரம், ஜாக்கெட்டோடு ஒருதரம், தலையில் துணி போட்டு ஒருதரம் போனார். மறைப்புக்குள் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து முதுகில் பட்டது.

“நானே துள்ளிட்டன் மிஸ். இருபது வருசமா இந்த வேல செய்யிற நானே! அப்ப, முதன்முதல் பயணம் போற ஒரு கிழவி என்ன செய்வா? அந்தப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்ல. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல, அவ்வளவுதான்.”

கடைசி நாட்களில் கூட்டம் வைத்தார்கள். நம்முடைய இரு அதிகாரிகளும் கருவிகளைப் பற்றி நீண்ட நேரம், நன்றாகவே பேசினார்கள். பிறகு தலைமை தாங்கிய பெண் அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா எழுந்தார். மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவில்லை. தனக்கிருந்த இங்கிலீசைக் கொண்டே சொன்னார்.

“ப்ளீஸ். ஸ்டேன்ட் இன் ஃப்ரன்ட்.”

அவர்களுக்குப் புரியவில்லை. அக்கா மேசையைச் சுற்றிப் போய், அந்தப் பெண் அதிகாரியைக் கையைப் பிடித்து எழுப்பி, முதலில் பின்னாலிருந்து தொட்டார். அதிகாரி திடுக்கிட்டுத் தோளைக் குறுக்கினார். பிறகு அக்கா முன்னால் வந்து நின்று, கண்ணைப் பார்த்து, தமிழிலேயே கேட்டார், “இப்ப தொடுறன், சரியா?” அதிகாரி தானாகத் தலையசைத்தார். அந்த அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் பேனா எடுத்து எழுதிக்கொண்டார்கள் என்று நம் அதிகாரி ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். “இருபது பக்கம் கொண்டுபோன எங்களுக்கு ஒருவரும் பேனா எடுக்கவில்லை” என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அக்காவின் அறிக்கை சிங்களத்தில் கையால் எழுதிய இரண்டு பக்கம். நான்தான் தட்டச்சுச் செய்தேன். முன்னால் நிற்கவேண்டும். கேட்டுவிட்டுத் தொடவேண்டும். மறைப்புத் துணி நிலம் வரை வரவேண்டும். வயதானவர் உட்கார ஏதாவது வேண்டும். பிள்ளையோடு வரும் தாயின் பிள்ளையை, அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்திருக்கவேண்டும். ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை. சில வாரங்களில் அங்கிருந்து பதில் வந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு இனி இப்படித்தான் கற்பிக்கப்போகிறார்களாம். மேலதிகச் செயலாளர் மெடம் அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அக்காவின் தனிப்பட்ட கோவையில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். இரண்டு பிரதி சேர்த்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் அக்காவும் கணவரும் தில்லையடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், சொக்லேட் பெட்டியும் ஒரு பை நிறைய இறாலுமாக. என் மாப்பிள்ளை இறாலைப் பொரித்தார். உம்மா அக்காவைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தி, பறந்த கதையை ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னார்.

“கிளம்பின உடன கரையோரமாத்தான் போச்சு உம்மா. எனக்கு யன்னல் சீற். கீழ பாத்தா, இறால் குளம் எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி. எங்கட குளத்தத் தேடினன். எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. பிறகு களப்பு, உப்பளம், வெள்ள வெள்ளக் கட்டமா. கற்பிட்டி ஒரு விரல் மாதிரிக் கடலுக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்குது. கரண்ட் எடுக்கிற காத்தாடிகள் சின்னச் சின்ன ஊசி.”

மேசையில் பப்படத் துண்டுகளையும் சோற்றுப் பருக்கைகளையும் வைத்துக் கரையை வரைந்து காட்டினார். உம்மா அந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

“அங்கால மன்னார் தெரிஞ்சதா, மகள்?”

“தெரிஞ்சிருக்கும் உம்மா. எனக்குத்தான் இதுதான் அதெண்டு தெரியேல்ல. நீங்க பக்கத்தில இருந்திருந்தாக் காட்டியிருப்பீங்க.”

உம்மா ஒரு பப்படத் துண்டை எடுத்து, கற்பிட்டி விரலுக்கு மேலே, கொஞ்சம் தள்ளி வைத்தார். “இங்க வரும்” என்றார். பிறகு கேட்டார், “நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க?”

“வலது பக்கம்.”

உம்மா என்னைப் பார்த்தார். “மகள், உம்றாவுக்கு நாங்க போகக்குள்ள வலது பக்கம் யன்னல் எடு. ரெண்டு சீற். உனக்கும் எனக்கும்.”

“உம்மா, இன்னும் பாஸ்போட்டுக்கே போடல்லயே.”

“அது உன்ட வேலதானே?” என்றார் உம்மா. “இன்ஷா அல்லாஹ், நாளைக்கே போடு.”

அக்காவின் கணவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். “படம் எடுக்கிறதெண்டா மதுரங்குளியில எடுங்க. அந்த ஆள் பொறுமைசாலி.” அக்கா இறாலோடு கையைத் தூக்கி அவரை அடிக்கப் போனார். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். நான் மன்னாரைத் தின்றுவிடாமல் பார்த்து, மற்றப் பப்படங்களை எடுத்துக்கொண்டேன்.